ஏறியாச்சு, ஏறியாச்சு

காலை ஐந்தரைக்கு நான் அடுப்படி லைட்டைப் போட்டதும் வீட்டில் முதலில் வாய் திறப்பவன் கண்டக்டர். கூட்டை மூடிய படங்கை இன்னும் எடுத்திருக்கக்கூட மாட்டேன், உள்ளேயிருந்தே தொடங்கிவிடுவான். "நல்லதண்ணி நல்லதண்ணி நல்லதண்ணி." பழைய கசெட்டை வேகமாக ஓடவிட்டது போல ஒரு குரல். புதிதாக வருகிறவர்கள் காதுக்கு அது வெறும் கீச்சொலிதான். இரண்டு நாள் தங்கினால் விளங்கிவிடும். "ஏறியாச்சு, ஏறியாச்சு" என்று நான் பதில் சொல்லும்வரை நிறுத்த மாட்டான். சொன்னால் டபுள் விசில் மாதிரி ஏதோ ஒன்று கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவான்.

கண்டக்டர் ஒரு பச்சை நிற ஆண் பட்ஜி, சின்னக் கிளி ஜாதி. உள்ளங்கையில் வைத்தால் பாரமே தெரியாது. எங்கள் வீடு நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா போகிற ரோட்டில், ஒரு வளைவுக்கு மேலே, ஏழு பேர்ச் காணியில் இருக்கிறது. டிசம்பர் பௌர்ணமிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். இரவு பகல் பார்க்காமல் பஸ் ஏறிக்கொண்டிருக்கும். எல்லா பஸ்ஸும் எங்கள் வளைவில் ஸ்லோ பண்ணி, மலை அடிவாரத்து ஊரான நல்லதண்ணியின் பேரைக் கூவி, ஆள் ஏற்றும். ஒரே சீசனில் அதைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் மூன்று மாதம் மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்த "வணக்கம்" இன்றுவரை வரவில்லை. சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை! எங்கள் வீட்டுக் கிளிப்பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காததைத்தான் சொல்லும்.

இன்றைய கணக்குக்கு 44 உருப்படி. பட்ஜி 31, கொக்கட்டீல் 9, ஆபிரிக்க லவ்பேர்ட் 4. ஹட்டன் டவுனில் போய் "பட்ஜி இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார். அவருக்கும் நமக்கும் அது லவ்பேர்ட்ஸ்தான். உண்மையான லவ்பேர்ட் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. உருண்டையாக, குட்டை வாலோடு, பக்கத்தில் போனால் விரலைக் கடிக்கிற ஜாதி. பேரில் மட்டும்தான் லவ். பட்ஜியின் ஊர் அவுஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதி. 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவை ஆராய்ச்சிக்காரர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கேயிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கொக்கட்டீலும் அந்த நாட்டுப் பறவைதான். மழையைக் காண்பதே அதிசயமான இடத்துப் பறவைகளை, துவைத்த துணி நாலு நாளாகியும் காயாத ஊரில் வைத்து வளர்க்கிறோம். இதை யோசித்தால் எனக்கே சிரிப்பாக இருக்கும், கூடவே கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வரும்.

நான் கேட்டு வாங்கிய பறவைகள் இல்லை. 2019இல் மகன் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, சும்மா இருந்த நாட்களில் இரண்டு சோடி வாங்கி வந்தான். 2020இல் கொரோனா ஊரடங்கு. அவனுக்கும் வேலையில்லை, பறவைகளுக்கும் வேறு வேலையில்லை. ஒரு பெட்டை நாலிலிருந்து ஆறு முட்டை வரை இடும், ஒன்று விட்டு ஒரு நாள். பதினெட்டு நாளில் குஞ்சு. குஞ்சு கூட்டை விட்டு வெளியே வர ஐந்து வாரம். அதற்குள் அந்தப் பெட்டை அடுத்த முட்டைக்கு ஆயத்தம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 2021இல் மகன் கட்டார் போனான். போகும்போது ஒரு சி.ஆர். கொப்பியை என் கையில் கொடுத்தான். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி: "அம்மா, உமியைப் பார்த்து ஏமாறாதீங்க."

அந்த வரி எவ்வளவு பெறுமதியானது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். பட்ஜி தினையை முழுசாக விழுங்காது. அலகாலேயே தோலை உரித்து, உமியை அதே கோப்பைக்குள் போட்டுவிட்டு, பருப்பை மட்டும் தின்னும். சாயங்காலம் எட்டிப் பார்த்தால் கோப்பை நிறைந்துதான் இருக்கும். நிறைந்த கோப்பைக்கு முன்னால் பறவை பட்டினி கிடக்கும். இப்படியே பறவைகளைச் சாகக்கொடுத்த வீடுகள் இருக்கின்றன. அதனால் தினமும் காலையில் எல்லாக் கோப்பைகளையும் சொளகில் கொட்டிப் புடைக்கிறேன். உமி ரோட்டுப் பக்கம் பறக்கும், மணி சொளகில் நிற்கும். என் அப்பாயி லயத்து வாசலில் நின்று அரிசி புடைத்த அதே சொளகு இல்லை, ஆனால் அதே கைவீச்சு. அப்பாயி இருந்திருந்தால் இந்தக் கூத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத முடியாது.

கதிர்காமத்துக்குப் போகும்போதெல்லாம் வள்ளியம்மனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அவள் தினைப்புனத்தில் பரண்மேல் நின்று, கவண் எறிந்து, ஆலோலம் பாடிக் கிளி விரட்டினாள். நான் தினையைக் கிலோக் கணக்கில் காசு கொடுத்து வாங்கி வந்து, புடைத்து, கல் பொறுக்கி, "சாப்பிடு சாமி" என்று கிளிக்குப் போடுகிறேன்.

தீனி விஷயத்தில் கொப்பியில் ஒன்றரைப் பக்கம் "கூடாது" என்றே இருக்கிறது. அவக்காடோ கூடாது, பறவைக்கு அது நஞ்சு. எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் ஒரே பழமரம் அவக்காடோ! சொக்லட் கூடாது. மகன் கட்டாரிலிருந்து அனுப்புவதோ சொக்லட்தான். தேயிலை மலையில் போய்ப் புல் பிடுங்கிவந்து போடக்கூடாது, களைநாசினி அடித்திருப்பார்கள். வீட்டு முருங்கை, கெரட், கீரை இதெல்லாம் சரி. கொச்சிக்காயும் சரி! நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். நாங்கள் பாதியைக் கடித்தாலே தலையில் அடித்துக்கொண்டு சீனி தேடும் கொச்சிக்காயை, கொக்கட்டீல் விதையோடு தின்னும். காரத்தை உணரவைக்கும் அந்தப் பொருள் பறவைகளின் நரம்பில் வேலை செய்வதில்லையாம். செடிக்கும் அதில் லாபம்தான், விதையை மென்று நாசமாக்காமல் முழுதாக விழுங்கித் தூரத்தில் போடும் பறவைகள்தான் அதற்குத் தேவை. எங்கள் கொக்கட்டீல் விதையையும் உடைத்துத் தின்றுவிடும் என்பது செடிக்குத் தெரியாது.

இன்னொன்று ஒட்டாத தாச்சி. டெஃப்லோன் பூசிய தாச்சி அடுப்பில் அளவுக்கு மேல் சூடானால் அதிலிருந்து வரும் புகை, மனுசனுக்கு மணக்கக்கூட மணக்காது, பறவையைச் சில நிமிசத்தில் கொன்றுவிடும். என் தங்கச்சி ஆசையாக அனுப்பிய தாச்சி செட் இன்னும் பெட்டியோடு அலுமாரி மேலே இருக்கிறது. அவள் வந்தால் எடுத்துக் கீழே வைப்பேன், போனதும் திரும்ப மேலே.

குளிரைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். குளிரைவிட ஈரம்தான் வில்லன். வெயில் அடிக்கிற குளிர்நாளைப் பறவை தாங்கும். இறகைப் பஞ்சுபோல் உப்பவைத்து, ஒரு காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் ஆனி, ஆடியில் மழையும் மிஸ்டும் ஜன்னல் இடுக்கால் உள்ளே வந்து படங்கே நசநசவென்று ஆகிவிடும். அப்போதுதான் தும்மல் தொடங்கும். முன்பெல்லாம் குண்டு பல்ப் ஒன்றைப் போட்டால் வெளிச்சமும் வரும், சூடும் வரும். இப்போதைய எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம் மட்டும் தரும். என் வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். கொழுந்தை எத்தனை சூட்டில் காயவைக்க வேண்டும் என்று முப்பது வருசம் பார்த்த மனுசன். பழைய கடை ஒன்றில் குண்டு பல்ப் தேடி எடுத்து, மண்சட்டியில் ஓட்டை போட்டு, சட்டியை பல்புக்கு மேலே கவிழ்த்துவிட்டார். வெளிச்சம் கண்ணைக் குத்தாது, சட்டி சூடேறி இரவெல்லாம் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். இரவில் இரண்டு தடவை எழும்பிப் போய்ப் பார்ப்பார். பெக்டரி நைட் ஷிப்ட் பழக்கம், விட்டபாடில்லை.

இது எல்லாம் கரண்ட் இருந்தால்தானே? 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் ஒரு இரவு, மொட்டச்சி கூட்டின் தரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். நீலநிறப் பெட்டை. தலையில் இறகு கொஞ்சம் குறைவு, அதனால் அந்தப் பேர். உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. கொப்பியில் இதற்கும் ஒரு பக்கம் இருந்தது: முட்டை சிக்கிக்கொண்டது. குளிரிலும் சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும் வரும். முட்டையைக் கையால் அமுக்கக் கூடாது, உள்ளே உடைந்தால் அவ்வளவுதான். சூடு வேண்டும், கொஞ்சம் ஆவி வேண்டும்.

கரண்ட் இல்லை. காஸ் இல்லை. விறகு மூட்டித் தண்ணீர் வைத்தோம். சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, மகனின் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி அதற்குள் போத்தலைச் சொருகி, சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் மொட்டச்சியைப் படுக்கவைத்தோம். போத்தல் ஆற ஆற மாற்றவேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். நான் பேசாமல் பக்கத்தில் இருந்தேன். இரவிலேயே மிருக வைத்தியரிடம் போனில் பேசியிருந்தோம். மாடும் ஆடும் பார்க்கிறவர், ஆனாலும் சிரிக்காமல் கேட்டு, கல்சியம் எத்தனை துளி என்று சொல்லியிருந்தார். விடியற்காலை நாலரை மணி இருக்கும். பெட்டிக்குள் ஒரு சின்ன அசைவு. தோடு சரியாக இறுகாத, தொட்டால் அமுங்குகிற முட்டை. மொட்டச்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேரே தினைக் கோப்பைக்குப் போனாள். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார், கையில் போத்தலோடு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம். வைகாசி பிறந்தால் முட்டைப் பெட்டிகளை எல்லாம் கழற்றிவிடுவோம். மழை முடியும்வரை குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெறக்கூடாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு எல்லாக் கூட்டிலும் தொங்கும். மீன்காரத் தம்பி நீர்கொழும்பிலிருந்து வரும்போது ஒரு பை கொண்டுவருவான். காசு வாங்கமாட்டான், அவன் மகளுக்கு ஒரு மஞ்சள் பட்ஜி கொடுத்தேன்.

அந்த விறகடுப்புக் காலத்தில்தான் இன்னொரு வினையும் வந்தது. புகை பறவைக்கு ஆகாது என்று கூடுகளை அடுப்படிப் பக்கமிருந்து முன்னறைக்கு மாற்றினோம். முன்னறையில்தான் என் தையல் மெஷின். கொக்கட்டீலின் உடம்பில் ஒருவித மென்இறகு இருக்கிறது. அது உதிர்ந்து உதிர்ந்து மாவாகும். பௌடர் டப்பாவைத் தட்டினது மாதிரி ஒன்பது பறவையும் இறகை உதறும். ஸ்கூல் வெள்ளைச் சட்டை தைக்கிற மாதத்தில் பிரச்சினையில்லை. கறுப்பு ஜாக்கெட் தைக்கிற நாளில்தான் வரும் மோசம். ஒரு கல்யாணப் பெண்ணின் ப்ளவுசில், முதுகுப் பக்கம், லைனிங்குக்கு உள்ளே ஒரு மஞ்சள் இறகு வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அவள் கோபப்படவில்லை, பிரித்து எடுக்கவும் விடவில்லை, ராசியாம். எல்லா வாடிக்கைக்காரரும் அப்படியில்லை. இப்போது கறுப்புத் துணி வந்தால் படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்து கையால்தான் ஹெம் அடிக்கிறேன்.

ஒன்பதில் டீச்சர் என்று ஒன்று உண்டு. கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், தலையில் கொண்டை, பார்வையே பிரம்போடு நிற்கும். பேரைப் பார்த்துப் பெட்டை என்று நினைக்காதீர்கள், ஆண்தான். ஆண்தான் இவ்வளவு விசில் அடிக்கும். பேச வராது, ஆனால் போனில் ஐமோ வீடியோ கோல் வருகிற சத்தத்தை ஒரு சுரம் பிசகாமல் விசிலடிப்பான். மகன் எடுக்கிறது இரவு எட்டு மணிக்கு. டீச்சருக்கு எட்டு மணிக் கணக்கெல்லாம் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அடிப்பான், என் மாமியார் முழங்கால் வலியோடு கட்டிலிலிருந்து எழும்பி, "தம்பி கூப்புடுறான், தம்பி கூப்புடுறான்" என்று போனைத் தேடுவார். இது பறவை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு தடவை "அது டீச்சர்தான் அத்தை" என்றேன். "தெரியும். நெசமா இருந்துட்டா?" என்றார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்வதில்லை.

இரவில் கொக்கட்டீல்கள் வேறு ஒரு கூத்து காட்டும். சீசன் நேரத்தில் பஸ் லைட் வளைவில் திரும்பி ஜன்னலில் அடிக்கும். திடீரென்று ஒன்பதும் பேயைக் கண்டது மாதிரி அடித்துப் பறக்கும். ஒருமுறை வளர்ந்துகொண்டிருந்த இறகு ஒன்று முறிந்து சுவரெல்லாம் இரத்தம். முழு இருட்டில்தான் இந்தப் பயம் அதிகம். ஒரு சின்ன விடிவிளக்கு எரிந்தால், தான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்து அடங்கிவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு நல்ல வேளை பகல். அடுத்த நாளே அவர் பற்றரியில் எரிகிற விளக்கு இரண்டு வாங்கி வந்துவிட்டார். அரசாங்கத்தை நம்பலாம், குரங்கை நம்ப முடியாது என்றார்.

ஊரில் எங்களுக்குக் "கிளி வீடு" என்று பேர். அதனால் ஒரு தொல்லை. போன வருசம் பெரிய காற்று அடித்த மறுநாள், பக்கத்து லயத்துப் பையன் ஒரு கிளிக்குஞ்சைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். சவுக்கு மரம் முறிந்து விழுந்ததாம். "அத்த, ஒங்க வீட்டுலதான் இம்புட்டு இருக்கே, இதையும் சேத்துக்கங்க." என் வீட்டிலிருப்பது எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் பிறந்தவை, இது காட்டுப்பிள்ளை, வைத்திருந்தால் குற்றம் என்று அவனுக்கு விளங்கவைக்க ஒரு தேத்தண்ணி நேரம் ஆனது. வன ஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போன் பண்ணினோம். பெட்டியோடு வந்த உத்தியோகத்தர் பார்த்துவிட்டு, இது இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத கிளி என்றார். சிங்களத்தில் அலு கிரவா, சாம்பல் கிளி. வளர்ந்தால் தலையும் முதுகும் சாம்பல் கலந்த நீலமாகும், கழுத்தில் மரகதப் பச்சை வளையம் வரும். மகனிடம் சொன்னபோது அவன் தேடிப் பார்த்து இன்னொன்று சொன்னான். ஆங்கிலத்தில் இதற்கு லேயார்ட் என்ற வெள்ளைக்காரரின் பேர். 1849இல் விஞ்ஞானப் பேர் வைத்தபோது அவர் மனைவியின் பிறந்த வீட்டுப் பேரை வைத்தார்களாம். ஊர் கூப்பிடுகிற பேர் புருசனுக்கு, புத்தகத்தில் இருக்கிற பேர் பெண்சாதிக்கு. பரவாயில்லை, அதுவாவது கிடைத்ததே.

பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து ஒரு பட்ஜியைக் கேட்டான். கொடுக்கவில்லை. முதலில் ஒரு மாதம் தினமும் வந்து சொளகு புடை என்றேன். வந்தான். இப்போது அவனிடம் இரண்டு இருக்கிறது, உமிக் கதையை அவன் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

இத்தனையும் சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டேன். நானும் அவரும் சேர்ந்து ஒரு இரவு வெளியே தங்கி நாலு வருசமாகிறது. போன மாதம் பதுளையில் என் அண்ணன் மகள் கல்யாணம். மாமியாரால் 44க்குத் தண்ணீர் வைக்க முடியாது. பையனுக்குப் பரீட்சை. கடைசியில் பங்கு போட்டோம். பொண்ணழைப்புக்கு அவர் முதல்நாள் ரயிலில் போய் இரவே திரும்பினார். தாலி கட்டுக்கு நான் விடியற்காலை போனேன். அண்ணி மேலிருந்து கீழாகப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் ஏதும் சண்டையா?" என்று காதில் கேட்டாள். கிளி என்று சொன்னால் நம்பவா போகிறாள்? ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். பந்தியில் எனக்கு ஒரு வடை கூடுதலாக விழுந்தது.

சாயங்கால ரயிலில் திரும்பி ஹட்டனில் இறங்கும்போது இருட்டிவிட்டது, மழை வேறு. மஸ்கெலியா பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பட்டுச்சேலை, கால் வலி, மடியில் பலகாரப் பை. கண் சொக்கியது. மிதிபலகையில் நின்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார்: "நோர்வூட் மஸ்கெலியா நல்லதண்ணி, நல்லதண்ணி நல்லதண்ணி..."

கண்ணைத் திறக்காமலே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே: "ஏறியாச்சு, ஏறியாச்சு. போய்த் தண்ணியக் குடி."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தம்பி ஒரு நிமிசம் முழித்துவிட்டு, "சரிங்கம்மா" என்று சொல்லி டபுள் விசில் கொடுத்தான்.